வீட்டில் நாம், மலையில் வண்டி

சென்ற பொங்கலுக்கு முதல்நாள் பிற்பகல் நான்கு மணிக்கு நம் மூத்த மகன் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு மைசூரிலிருந்து கோபிசெட்டிபாளையத்திற்குப் புறப்பட்டான். நமக்கும் நம் இல்லாளுக்கும் அன்று அலுவல் முடியவில்லை. மறுநாள் விடியலில் பேருந்து ஏறுவதாக ஏற்பாடு. வழியோ நம் அன்பர்களுட் பலருக்கு மனப்பாடமானது: நஞ்சன்கூடு, சாமராசநகர், புளிஞ்சூர்ச் சோதனைச் சாவடி, ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தியமங்கலம். திம்பத்தின் 27 கொண்டையூசி வளைவுகளையும் இரவு ஒன்பது மணிக்குள் கடந்துவிட வேண்டும். வனவிலங்குகளின் பொருட்டு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற ஆணை அது. ஒன்பதுக்குச் சாவடி அடைத்தால் காலை ஆறு மணிக்கே திறக்கும்.

கார் நம் பெயரில் உள்ளது. ஆகவே அதன் செயலியும் நம் கைப்பேசியில் இருந்தது. வண்டி இப்பொழுது எங்கே இருக்கிறது, கதவுகள் பூட்டியுள்ளனவா, எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்பனவற்றை வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். பார்த்தோம். நஞ்சன்கூட்டில் ஒரு நீலப்புள்ளி. சாமராசநகரில் அதே புள்ளி. ஆறே முக்கால் மணியளவில் ஆசனூருக்கு அருகில் வந்த புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. ஏழு மணிக்கும் நின்றது. ஏழரைக்கும் நின்றது.

“என்னங்க, வண்டி நகரவே இல்லைங்களே! சின்னக் குழந்தை வேறு இருக்குதுங்களே!” என்று இல்லாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அருகில் அமர்ந்தார். மகனுடைய கைப்பேசியும் மருமகளுடைய கைப்பேசியும் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக மூன்று மொழிகளில் நமக்கு அறிவிக்கப்பட்டது. செயலியில் ஒலிப்பானை அடிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அவன் காதில் விழுமே என்று கூட ஒரு கணம் எண்ணினோம். இப்படியே ஒன்றரை மணி நேரம் கழிந்தது. எட்டரைக்குப் பண்ணாரியிலிருந்து மகன் அழைத்தான். ஆசனூரைத் தாண்டியதும் ஒரு தாய் யானை குட்டியுடன் சாலையை மறித்து நின்றதாம். முப்பது வண்டிகள் விளக்கைத் தணித்து, ஓசையின்றிக் காத்திருந்தனவாம். அது விலகியபின் இறங்கி வந்துவிட்டார்களாம். குழந்தை உறங்கிவிட்டதாம்.

ஒலிப்பான் பொத்தானை நாம் அழுத்தாமல் விட்டோமே என்று நெஞ்சு குளிர்ந்தது. பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தபோதுதான், அழுத்தியிருந்தாலும் அவ்வொலி அங்கே போய்ச் சேர்ந்திராது என்பது விளங்கியது. கைப்பேசிக் கோபுரமே இல்லாத காட்டில் மகனுடைய கைப்பேசி எப்படி ஊமையாயிற்றோ, அப்படியே காரும் ஊமையாகிவிட்டது. நாம் கண்டது கார் நின்ற இடத்தையன்று. கார் கடைசியாகப் பேசிய இடத்தை. அவ்வளவையும் அந்தப் படத்தின் அடியிலே பொடி எழுத்தில், ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம் 6.42’ என்று அச்செயலி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. படிக்கத் தவறியவர் நாம்.

இந்த ஏற்பாடு இன்று நம்மவர் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருளே ஆயினும் அதன் உள்வகையை அறிந்தவர் சிலரே. ஆதலின் நாம் கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இத்தகைய செய்திகளை எழுதப் புகுவோர் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் அதைச் செய்யப் போவதில்லை. மயிற்பொறியைத் திருகி ஓட்டியவர் அதன்மேலேயே அமர்ந்திருந்தார். இங்கேயோ ஓட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். இதற்கு உரிய முன்னோடியைத் தேட வேண்டுமானால் நம் மைசூர் நகரப் பேருந்துகளிடம் போவதே பொருத்தம். 2012-ஆம் ஆண்டில் கர்நாடக அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகம், உலக வங்கியின் துணையுடன், ‘மித்ரா’ என்னும் திட்டத்தை இந்நகரில் தொடங்கியது. ஏறத்தாழ 500 பேருந்துகளில் இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்டது. எந்த வண்டி எங்கே வருகிறது என்பதை ஒரு நடுவறையில் இருந்து பார்த்தார்கள். அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தங்களில் எழுத்துப் பலகை சொல்லிற்று. இந்திய நகரப் பேருந்துகளில் இம்முறை முதன்முதலாகக் கால்கொண்ட இடங்களுள் மைசூரும் ஒன்று என்பது நாம் சற்றே பெருமைப்படத் தக்கதுதான். அன்று அப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நம்மில் யாரும், இதே வித்தை நம் சொந்தக் காருக்கும் வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

தனியார் காருக்கு இக்கலை வந்த கதையிலும் கர்நாடகத்திற்கு ஒரு பங்கு உண்டு. பெங்களூரில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த ‘ரேவா’ என்னும் சிறிய மின்காரை அன்பர்கள் மறந்திரார். அந்நிறுவனம் 2009-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் மோட்டார்க் கண்காட்சியில் ‘ரிவைவ்’ என்னும் ஓர் உபாயத்தை அறிவித்தது. வழியில் மின்கலம் தீர்ந்து நிற்பவர் நிறுவனத்திற்குத் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ சொன்னால், அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே கலத்தின் அடியில் ஒதுக்கி வைத்த மின்சாரத்தைத் திறந்துவிடுவார்கள். நம் பழைய ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்ததும் குனிந்து ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புவோமே, அதுவேதான். திருப்பும் கை மட்டும் பல மைலுக்கு அப்பால் இருந்தது. 2010-இல் மகேந்திரா நிறுவனம் ரேவாவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2013 மார்ச்சில் வெளியிட்ட ‘ஈ2ஓ’ என்னும் காரில், மின்கலத்தின் அளவைப் பார்ப்பதும், ஏறுமுன்பே குளிர்விப்பதும், கதவைப் பூட்டுவதும் கைப்பேசிச் செயலியாலேயே முடிந்தன. அந்தக் கார் பெருவாரியாக விற்கவில்லை.

பெருவாரியாக விற்றது 2019-இல்தான். அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஹுண்டாய் நிறுவனம் ‘வென்யூ’ காரை வெளியிட்டது. அது நம் தமிழ்நாட்டில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட கார். ‘புளூலிங்க்’ என்ற பெயரில் 33 வசதிகள் அதில் இருந்தன. அவற்றுட் பத்து இந்தியாவிற்கென்றே அமைந்தவை. அடுத்த மாதமே எம்.ஜி. ஹெக்டர் வந்தது, ஆகஸ்டில் கியா செல்டாஸ் வந்தது. டாட்டா, மாருதி, டொயோட்டா, மகேந்திரா என்று பின்னர் எல்லோரும் தத்தம் பெயரில் ஒன்று வைத்துக்கொண்டனர். பெயர்கள் பலவாயினும் உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றே.

அது என்ன என்று பார்ப்போம். காரின் முகப்புப் பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் நம் கைப்பேசியில் இருப்பது போன்றே ஒரு சிம் உண்டு. கழற்ற முடியாதபடி பதித்த சிம், இ-சிம் என்பர். அஃதாவது, நம் காருக்கும் ஒரு தொலைபேசி இணைப்பு உண்டு. அதன் எண்ணை நாம் அறியோம். அதன் கட்டணத்தை மறைமுகமாகக் கட்டுபவர் நாமே. அப்பெட்டியிலேயே இடங்காட்டும் கருவியும் உண்டு. செயற்கைக்கோள்தான் நம் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் அக்கோள்கள் நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுத் தன் இடத்தைத் தானே அறிந்துகொள்வது காரின் பெட்டியே. அறிந்ததைக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியே நிறுவனத்திற்குச் சொல்கிறது. ஆகவே நிலவறையில் வண்டியை நிறுத்தினால் இடம் தெரியாது போவதும், ஆசனூர்க் காட்டில் இடம் தெரிந்தும் சொல்ல வழியின்றிப் போவதும் வெவ்வேறு குறைகள்.

இனி, நாம் திண்ணையில் அமர்ந்து ‘கதவைப் பூட்டு’ என்னும் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ்கிறது? வண்டி வாசலிலேயே நின்றாலும் நம் கட்டளை நேரே அதனிடம் போவதில்லை. முதலில் அது நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. இவர் உரியவர்தானா, இரகசிய எண் சரிதானா, சந்தா கட்டியிருக்கிறாரா என்று அக்கணினி பார்க்கிறது. பின்னர் அங்கிருந்து கோபுரத்திற்கும், கோபுரத்திலிருந்து காரின் பெட்டிக்கும் செய்தி வருகிறது. உறங்கிக்கொண்டிருக்கும் பெட்டி விழித்து, காருக்குள் ஓடும் கம்பிவலை வழியாகக் கதவுப்பூட்டிற்குச் சொல்கிறது. ‘கான்’ என்று வழங்கும் அந்தக் கம்பிவலை முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் உலகிற்கு அறிவித்தது. பூட்டிய செய்தி மறுபடி வந்த வழியே திரும்பி நம்மை அடைகிறது. அரை நிமிடம் ஆகிறதே என்று நாம் அலுத்துக்கொள்வது இந்தப் பயணத்தைத்தான்.

பெட்டி உறங்குகிறது என்றோமன்றோ? வண்டியைப் பல நாள் எடுக்காமல் வைத்திருந்தால், காரின் மின்கலம் தீர்ந்துவிடாதிருக்கப் பெட்டி தன்னை முற்றிலும் அணைத்துக்கொள்வதும் உண்டு. சித்திரை விடுமுறைக்கு இரு வாரம் ஊருக்குப் போனவர், அங்கிருந்து செயலியைத் திறந்து, ‘கார் மறுமொழி தரவில்லை’ என்று கண்டு திருட்டுப் போயிற்றோ என நடுங்க வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்வதே விரைவான வழி.

இதனால் பயன் என்ன என்று கேட்பவருக்கு நாம் தயங்காமல் சொல்லும் முதற்பயன் தசரா. விளக்கலங்காரம் காணப் போய், தொட்டகெரே மைதானத்தில் ஆயிரம் வண்டிகளுக்கிடையே நம் வண்டியைத் தேடி அலைந்த துன்பம் மைசூரார்க்குப் புதிதன்று. செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னி, ஒலி எழுந்து, ‘இதோ இருக்கிறேன்’ என்கிறது வண்டி. சென்ற ஆண்டு நாம் அழுத்திய அதே கணத்தில் வேறு ஐந்தாறு பேரும் அழுத்தியதால் மைதானமே முழங்கிற்று என்பது வேறு செய்தி.

ஏறுமுன் குளிர்விக்கும் வசதியை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. வேலூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் நின்ற காருக்கு அது வரமே. மைசூரின் காற்றுக்கு அது அத்தனை இன்றியமையாததா என்பது நம் ஐயம். இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். பெட்ரோல், டீசல் வண்டியில் குளிர்விக்க வேண்டுமானால் எஞ்சினே ஓட வேண்டும். மூடிய கொட்டகையில் நிற்கும் காரின் எஞ்சினை மாடியிலிருந்து ஓடவிட்டால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைக் குடிப்பது அது. கொட்டகை வீட்டோடு ஒட்டியிருக்கும் இல்லங்களில் இப்பொத்தானைக் குழந்தைகள் கையில் கொடுத்தலாகாது. மின்காருக்கு இத்தொல்லை இல்லை.

மெய்யான பயன் ஆபத்துக் காலத்திலேயே தெரியும். காற்றுப்பை விரியும் அளவிற்கு மோதல் நேர்ந்தால், ஓட்டுநர் நினைவிழந்திருந்தாலும், பெட்டி தானே உதவி நிலையத்தை அழைத்து இடத்தைச் சொல்லும். பல வண்டிகளில் இதற்கெனத் தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. 2023 மார்ச் 12-இல் திறந்த பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் முதல் சில மாதங்களிலேயே எத்தனை உயிர்கள் போயின என்பதைச் செய்தித்தாள்களில் கண்டோம். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் இரு சக்கர வண்டிகளையும் ஆட்டோக்களையும் அச்சாலையில் தடுத்தனர். வேகத்தைப் படம் பிடிக்கும் கருவிகள் வைத்தனர். அத்தகைய சாலையில் உதவி பத்து நிமிடம் முன்னதாக வருவதற்குச் சந்தாவைக் கொடுக்கலாம் என்பது நம் கருத்து. வண்டி களவு போனால் அது போகும் வழியைக் காட்டுவதும், நின்றபின் எஞ்சின் மறுபடி ஓடாதபடி தடுப்பதும் முடியும். ஆனால் பின்னதை நாமே செய்ய முடியாது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து அதன் நகலை நிறுவனத்திற்குக் கொடுத்த பின்னரே பெரும்பாலும் செய்வர்.

இனிச் சந்தாவுக்கு வருவோம். வாங்கும்போது விற்பனையாளர் இவற்றையெல்லாம் இலவசம் என்பார். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் என நிறுவனத்திற்கு ஏற்ப இலவசக் காலம் வேறுபடும். அதன் பின்னர் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிடில் கார் ஓடும். கதவு சாவியால் திறக்கும். செயலி மட்டும் ஊமையாகும். காருக்குள் பெட்டி இருக்கும், சிம் இருக்கும், கோபுரமும் இருக்கும். நடுவே அமர்ந்த கணினி மட்டும் ‘இவர் கட்டவில்லை’ என்று வழிமறிக்கும். வாங்கிய பொருளுக்கு வாடகையா என்று சினப்பவர் நம்மவர் மட்டுமல்லர். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் காரில் ஏற்கனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றியை இயக்குவதற்கு 2022-இல் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு மறு ஆண்டே அதைக் கைவிட்டது.

சந்தா கட்டினாலும் பயன்படாத நிலை வரலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 1996-இலேயே ‘ஆன்ஸ்டார்’ என்ற பெயரில் இத்தொழிலைத் தொடங்கிவிட்டது. 2008-இல் அங்கே பழைய வகைக் கைப்பேசி அலைவரிசை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழைய கார்கள் பேச்சிழந்தன. 2022-இல் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை நிறுத்தியபோது மறுபடியும் அதுவே நிகழ்ந்தது. கார் பதினைந்து ஆண்டு ஓடும். அலைவரிசையின் ஆயுள் அவ்வளவு என்று எவரும் உறுதி கூறுவதில்லை. வாங்குமுன் விற்பனையாளரிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டபோது அவர் தேநீர் வரவழைத்தார்.

பிறர் கை நம் வண்டிமேல் படுமோ என்பது அடுத்த அச்சம். அது வீண் அச்சமன்று. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பெருஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோகி ஒன்றைப் பல மைலுக்கு அப்பால் இருந்தபடி தம் வசப்படுத்திக் காட்டினர். அதனால் 14 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்ய நேர்ந்தது. மறு ஆண்டு, நிசான் லீப் மின்காரின் செயலிக்கு அக்காரின் அடையாள எண் ஒன்றே போதும் என்று கண்டறியப்பட்டது. கண்ணாடியின் மூலையில் எவரும் படிக்கும்படி அச்சிட்டிருக்கும் எண் அது! நிறுவனம் செயலியைச் சில காலம் நிறுத்தி வைத்தது. 2024-இல் கியா நிறுவனத்தின் இணையவாயிலில், பதிவு எண் பலகையை மட்டும் கொண்டே அமெரிக்கக் கார்களைத் திறக்கக்கூடிய ஓட்டை இருந்ததை ஆய்வாளர்கள் காட்டினர், அது அடைக்கப்பட்டது. இவை மூன்றும் நல்லவர் கண்டு சொன்னவை.

ஆயினும் நம் ஊரில் நிகழக்கூடியது இவ்வளவு நுட்பமான திருட்டன்று, வெறும் மறதி. நம் அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினார். பதிவுப் புத்தகம் பெயர் மாறிற்று, காப்பீடு மாறிற்று. இரு மாதம் கழித்து ஓரிரவு, முதல் உரிமையாளர் வெளியூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “ஐயா, உங்கள் காரின் பின்கதவு பூட்டவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். உண்மைதான், பூட்டவில்லை. நன்றி சொல்லி வைத்த பிறகுதான் அன்பருக்கு வியர்த்தது. இரு மாதமாக இவர் போன இடம் யாவும் அம்மனிதருடைய கைப்பேசியில் இருந்திருக்கின்றன. அவர் நல்லவர், சொன்னார். காரை விற்பவர் செயலிக் கணக்கிலிருந்து அவ்வண்டியை நீக்கிவிட வேண்டும். வாங்குபவர் காரின் திரையில் பழைய கணக்கை அழித்துவிட்டு, நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் சொல்லித் தம் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும். சாவி இரண்டையும் எண்ணி வாங்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத இந்த மூன்றாம் சாவியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நிறுவனமே பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதற்கென்ன செய்வது? எந்நேரம் போனோம், எவ்வளவு விரைந்தோம், எங்கே திடீரென நிறுத்தினோம் என்பன எல்லாம் அங்கே ஏட்டில் ஏறுகின்றன. ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் இத்தகைய குறிப்புகளை இடைத்தரகர்க்குக் கொடுத்ததும், அதனால் சிலருக்குக் காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்ததும் 2024-இல் வெளிப்பட்டன. 2025 சனவரியில் அந்நாட்டு வணிக ஆணையம் அவ்விற்பனைக்கு ஐந்தாண்டுத் தடையை முன்மொழிந்தது. நம் நாட்டில் எண்முறைத் தனியாள் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாகவே நடப்புக்கு வருகின்றன. காரை முதல் நாள் ஒப்படைக்கும்போது, மாலையும் இனிப்புமாக நிற்கும் நம்மிடம் கைப்பேசியை நீட்டி, ‘இங்கே அழுத்துங்கள்’ என்பார்கள். அழுத்துமுன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் இனிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய நாம், பிறர் கண் நம்மேல் படுவதையே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் கண் எங்கே பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் இளைய மகள் கணினி நிறுவனமொன்றில் பணி செய்கிறாள். கார்த்திகை மாதத்தில் அலுவலகப் பயிற்சிக்காக நான்கு நாள் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாள். செயலியில் ‘எல்லைக்கோடு’ என ஒன்று உண்டு. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்தால், கார் அதைத் தாண்டும்போது நமக்கு மணி அடிக்கும். வேகத்திற்கும் அவ்வாறே ஒரு வரம்பு வைக்கலாம். அவளிடம் சொல்லாமல் இரண்டையும் வைத்தோம். விரைவுச் சாலையில் அவள் நூறைத் தாண்டியபோது மணி அடித்தது. உடனே அழைத்துக் கடிந்துகொண்டோம். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு அவள் தங்கியிருந்த பகுதியை விட்டுக் கார் வெளியேறிற்று. மறுபடி மணி. மறுபடி அழைத்தோம். “இந்நேரத்தில் எங்கே போகிறாய்?” என்றோம்.

சற்று நேரம் மறுமொழி வரவில்லை. பின்பு, “உடன் வேலை செய்கிற பெண்ணுக்கு வயிற்றுவலிங்கப்பா. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன். நீங்கள் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே. எதற்குங்கப்பா வண்டியைக் கேட்டீர்கள்?” என்றாள்.

நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் ஊர் திரும்பியதும் சாவியை ஆணியில் மாட்டினாள். வழக்கம்போல் அன்று என்ன சமையல் என்று கேட்டாள். ஆனால் அடுத்த இரண்டு மாதம் எங்கே போவதானாலும் பேருந்திலேயே போனாள். அவளுடைய அம்மாதான் காரணத்தை நமக்கு விளக்க வேண்டியிருந்தது.

வாடகைக்கார் ஓட்டும் ஓர் அன்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று நடுவண் அரசு விதி செய்து ஆண்டுகள் பல ஆயின. பயணம் செய்யும் பெண்களின் பாதுகாப்பு கருதி வந்த விதி அது. அதை அவர் குறை சொல்லவில்லை. “தெரிந்து மாட்டிக்கொண்ட கண் உறுத்தாதுங்க” என்று மட்டும் சொன்னார்.

தை பிறந்தபின் நம் காரின் மூன்றாண்டு இலவசக் காலம் முடியப் போவதாக அறிவிப்பு வந்தது. கட்டுவதா, விடுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஆசனூர் இரவை நினைத்து இல்லாள் கட்ட வேண்டும் என்றார். அந்த இரவில் அதனால் ஒரு பயனும் விளையவில்லையே என்றோம். “பயன் இல்லாமல் போனாலும் பார்த்துக்கொண்டாவது இருந்தோமேங்க” என்றார். மோதலின்போது தானே உதவி அழைக்கும் வசதியையும் களவுத் தேடலையும் கருதி, முடிவில் ஓராண்டிற்குக் கட்டினோம். செயலியின் உரிமையை மகன் கணக்கிற்கு மாற்றினோம். யார் வண்டியை எடுக்கிறாரோ அவருக்கு மட்டும் அது திறந்திருக்கும்படி அவன் அமைத்தான். எல்லைக்கோட்டையும் வேக வரம்பையும் மகள் எதிரிலேயே அழித்தோம். நம் கைப்பேசியில் இப்பொழுது அந்தச் செயலி இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாள். ஞாயிறு மாலை ஆறு மணி இருக்கும், தொலைபேசி அடித்தது. விரைவுச் சாலையை விட்டு மத்தூரில் இறங்கியிருக்கிறாளாம்; வடை எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்டாள்.